டியூப்லைட் சோக்கும் அப்பத்தாவின் குரலும்: கேசட் பதிவுகள் பற்றிச் சில குறிப்புகள்

“இது எங்கம்மா கொரல் இல்லடா” என்றார் அத்தை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது. 1994-இல் நான் பதிவு செய்திருந்த அப்பத்தாவின் தாலாட்டை ஒருவழியாகக் கணினிக்கு மாற்றி, செல்போனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அத்தை அழுவார், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் இரண்டு நிமிடம் கேட்டார். போனைத் தள்ளிவைத்தார். பாட்டு அம்மா பாடுகிற பாட்டுதான், சொல்லும் அவங்க சொல்லுதான், ஆனால் பாடுவது யாரோ சின்னப் பொண்ணு என்றார். “வேற யாரையோ பாட வச்சிருக்க. நல்லா யோசிச்சுப் பாரு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பதிவு செய்தவன் நான். பக்கத்தில் உட்கார்ந்து ‘ம்ம்’ கொட்டியவன் நான். என் இருமல்கூட அதில் இருக்கிறது. ஆனால் ஊருக்குத் திரும்பி, அசல் கேசட்டை எடுத்து ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு தெரிந்தது, அத்தை சொன்னதில் முக்கால்வாசி உண்மை என்று. கையடக்க டேப் ரெக்கார்டரைப் பற்றியும் கேசட்டுகளைப் பாதுகாப்பதைப் பற்றியும் எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் வெகுநாளாகக் கேட்கிறார்கள். பொதுவாக எழுதுவதைவிட இந்த ஒரு கேசட்டின் கதையாகவே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. பதிவில் செய்யக்கூடிய தப்புகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே கேசட்டில் நான் செய்திருக்கிறேன்.

முதலில் கருவி. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. செங்கல்லைவிடச் சற்றுப் பெரியது, முன்னால் ஒரு கைப்பிடி, வரிசையாகப் பியானோக் கட்டை மாதிரி பொத்தான்கள், மூலையில் குண்டூசித் தலை அளவு ஓட்டையில் மைக். ஒரே ஒரு ஸ்பீக்கர். பத்திரிகைக்காரர்களும் கல்லூரி ஆசிரியர்களும் வைத்திருந்த அதே வகை. இதை மட்டமான கருவி என்று நினைத்துவிடக் கூடாது. கேசட் என்பதே இந்த மாதிரிக் கருவிக்காகப் பிறந்ததுதான். பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஆட்டன்ஸ் குழுவினர் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் தொழிற்சாலையில் உருவாக்கி, 1963-இல் பெர்லின் கண்காட்சியில் வைத்த முதல் கேசட் கருவி, பேட்டரியில் ஓடும் கையடக்கப் பதிவுக் கருவி. கோட்டுப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, கருவி இதைவிடப் பெரிதாகக் கூடாது என்று ஆட்டன்ஸ் சொல்லியிருந்தாராம். பாட்டுக் கேட்கிற சாதனமாக அது மாறியது பிறகுதான். 1979-இல் வந்த சோனி வாக்மேனின் கதை இன்னும் வேடிக்கை: பத்திரிகையாளர்களுக்கான பிரஸ்மேன் என்ற பதிவுக் கருவியை எடுத்து, அதிலிருந்த பதிவு வசதியைக் கழற்றிவிட்டுச் செய்ததுதான் அது.

உள்ளே நடப்பது எளிமையானது. 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். சுழலும் ஒரு மெல்லிய இரும்புக் கம்பிக்கும் (கேப்ஸ்டன் என்பார்கள்) ஒரு ரப்பர் ரோலருக்கும் இடையே நாடா நசுங்கி இழுபடும். இழுபடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். உலகத்தில் எந்த மூலையில் செய்த கேசட் கருவியானாலும் இந்த வேகம்தான். சி-60 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், அதாவது ஏறக்குறைய 86 மீட்டர் நாடா. குரலின் அதிர்வு ஹெட் வழியாகக் காந்த அடையாளமாக நாடாவில் பதிகிறது. திரும்ப அதே வேகத்தில் ஓட்டினால் அதே குரல்.

‘அதே வேகத்தில் ஓட்டினால்.’ என் சிக்கல் எல்லாம் இந்த மூன்று சொல்லில் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கருவியில் போட்டிருந்தது நான்கு பேட்டரிக் கட்டைகள். பகலெல்லாம் கண்மாய்க் கரையில் ஒப்பாரி பதிந்துவிட்டு வந்திருந்தேன். (வீட்டுக்குள் சும்மா ஒப்பாரி பாடக் கூடாது, ஆகாது என்று எல்லோரும் மறுத்துவிட்டதால் கரைக்குப் போனோம். அங்கே காற்று மைக்கில் அடித்து, பாதிப் பாட்டு ‘புஸ் புஸ்’ என்று போனது. ஒரு கைக்குட்டையை இரண்டாக மடித்து மைக்கின்மேல் கட்டியிருந்தால் பாதி தப்பித்திருக்கும். யாரும் சொல்லித்தரவில்லை.) கட்டைகள் களைத்திருந்தன. புதுசு வாங்க நாலு மைல் போக வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் போதும் என்று ஆரம்பித்துவிட்டேன்.

பேட்டரி இறங்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: பாட்டு இழுக்கும், ஆண் குரல் பேய்க் குரலாகும். அது ஓட்டிக் கேட்கும்போது. பதியும்போது பேட்டரி இறங்கினால் நடப்பது இதற்கு நேர்மாறு. நாடா மெதுவாக நகர்கிறது. ஒரு நொடிப் பாட்டு 4.76 சென்டிமீட்டருக்குப் பதிலாக 4.2 சென்டிமீட்டரிலேயே பதிந்துவிடுகிறது. பிறகு நல்ல கருவியில் சரியான வேகத்தில் ஓட்டினால் அந்த 4.2 சென்டிமீட்டர் சீக்கிரமே கடந்துவிடும். குரல் வேகமாகவும் கீச்சென்றும் ஒலிக்கும். எழுபது வயதுக் கிழவி இருபது வயதுப் பெண்ணாகிவிடுவாள். பதியும்போது இது நமக்குத் தெரியவே தெரியாது. அதே கருவியில் அதே செத்த கட்டையில் உடனே போட்டுக் கேட்டாலும் தெரியாது, இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துவிடும். அன்றைக்கு இரவு அப்படித்தான் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பேட்டரியில் பதிகிறவர்களுக்கு அப்போது யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் தெரிந்த சுருதி ஒன்றைப் பத்து நொடி பதிந்துவிட வேண்டும். ஒரு சுருதிக் குழல் ஊதினால் போதும். கூடவே தேதி, ஊர், பாடுகிறவர் பெயர், நேரம் ஆகியவற்றை வாயால் சொல்ல வேண்டும். கேசட் அட்டை தொலையும், மை மங்கும். நாடாவில் சொன்னது நாடாவோடு இருக்கும். இன்னொன்று, கேசட்டின் முதல் ஐந்தாறு நொடிக்கு வெறும் பிளாஸ்டிக் நாடா. அதில் எதுவும் பதியாது. பொத்தானை அழுத்தியதும் பேசத் தொடங்கினால் முதல் வாக்கியம் காணாமல் போகும். என் அட்டையில் ‘அப்பத்தா – தாலாட்டு’ என்று மட்டும் இருக்கிறது. எந்த மாதம் என்றுகூட இல்லை. கேசட்டில் முதலில் கேட்பது “...ட்டியா? பாடவா?” என்கிற அரைக் கேள்வி.

இந்த வகைக் கருவிகளில் இன்னொரு குணம் உண்டு. ஒலி அளவைக் கூட்டவோ குறைக்கவோ நமக்குத் திருகு கிடையாது, கருவியே பார்த்துக்கொள்ளும். சத்தம் பெரிதாக வந்தால் தானாகக் குறைக்கும், அமைதியானால் தானாகக் கூட்டும். பேட்டி எடுக்கிறவனுக்கு வசதி. நாட்டார் கலைகளைப் பதிகிறவனுக்குத் தலைவலி. பறையில் ஓர் அடி விழுந்ததும் கருவி மிரண்டு காதைப் பொத்திக்கொள்ளும். அடுத்த நொடி பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். மறுபக்கம், பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் இது அமைதியைப் பெரிதாக்கத் தொடங்கும். மாட்டின் பெருமூச்சு, பக்கத்து வீட்டுச் சண்டை, கருவியின் சொந்த மோட்டார் ஓசை எல்லாம் மேலேறி வரும். இதற்கு மருந்து ஒன்றுதான். தனி மைக் ஒன்றை வாங்கி, பாடுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் வைக்க வேண்டும். கருவியைத் தள்ளி, துணிமேல் வைக்க வேண்டும். நான் தரையிலேயே வைத்திருந்தேன், அப்பத்தாவுக்கு நாலடி தள்ளி. இந்தத் தானியங்கிக் குணத்தைப் பல வருடம் திட்டியிருக்கிறேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அதுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

கேசட்டின் முதுகில், இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாடா தெரிகிற திறப்பு கீழே இருக்கும்படி பிடித்து, நம்மைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு, இடது மேல் மூலையில் இருப்பது அந்தப் பக்கத்தின் காவல். பதிவு முடிந்ததும் அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் யாராலும் மறுபடி பதிய முடியாது. ஒரு நொடி வேலை. நான் உடைக்கவில்லை. பி பக்கத்தில் அப்பத்தா சொன்ன இரண்டு கதைகள் இருந்தன. 1996 வாக்கில் வீட்டில் யாரோ வானொலியிலிருந்து சினிமாப் பாட்டுகளை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் நான்கு நிமிடம் மட்டும் கதையின் வால் மிஞ்சியிருக்கிறது. அப்பத்தா 1997-இல் போய்ச் சேர்ந்தார். இதில் நான் யாரைக் கோபித்துக்கொள்ள?

இனி, முப்பது வருடம் கழித்து ஒரு பழைய கேசட்டைக் கையில் எடுக்கும்போது செய்ய வேண்டியது. செய்யக் கூடாத முதல் காரியம், எடுத்ததும் ஏதோ ஒரு பழைய பிளேயரில் போட்டு அழுத்துவது. ரப்பர் ரோலர் பிசுபிசுத்துப் போயிருக்கும் கருவி நாடாவைச் சுருட்டி மென்றுவிடும். மென்ற நாடாவை நீவிவிடலாம். ஆனால் கசங்கிய இடத்தில் ஒலி விட்டுவிட்டுத்தான் வரும்.

முதலில் வெளிச்சத்தில் பிடித்து, கேசட்டின் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். பளபளவென்று ஒரே கறுப்பாக, அல்லது பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொட்டோ நூல் மாதிரிப் படர்ந்தோ இருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு, அதுவும் மழைக்காலத்தில் மூடிய மர பீரோவுக்குள், இது சகஜம். பூஞ்சை பிடித்ததை மற்ற கேசட்டுகளிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். ஓட்டினால் தூள் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் உலர வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, திறந்த வெளியில் மென்மையான தூரிகையால் தட்டுவது வழக்கம். நாடாவை ஈரத் துணியால் துடைக்கும் வீரதீரச் செயல்களில் இறங்க வேண்டாம்.

அடுத்து அந்தப் பஞ்சுத் துண்டு. திறப்பின் நடுவே, செம்புத் தகட்டின்மேல் அரிசி அளவுக்கு ஒட்டியிருக்குமே, அது. நாடாவை ஹெட்டோடு அணைத்துப் பிடிப்பது அதன் வேலை. பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் ஒலி மங்கும், அலையும். கேசட் கெட்டுப்போச்சு என்று குப்பையில் போட்டவற்றில் எத்தனை வெறும் பஞ்சு விழுந்த கேசட்டுகளோ! மருந்து: ஐந்து ஸ்க்ரூ போட்ட ஒரு காலிக் கேசட்டைத் திறந்து, பழைய நாடாவின் இரண்டு சுருளையும் அப்படியே தூக்கி அதற்குள் வைத்து மூடுவது. ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கேசட்டானால் விளிம்பில் கத்தியை வைத்து மெல்லத் தட்டிப் பிளக்க வேண்டும். முதல்முறை செய்யும்போது கை நடுங்கும். முக்கியமில்லாத ஒரு கேசட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு பென்சில். ஆறு பட்டைப் பென்சில் கேசட்டின் பல்சக்கரத்தில் கச்சிதமாக உட்காரும் என்பது நம் தலைமுறையின் பொது அறிவு. பல வருடம் ஓடாத நாடாவில் அடுக்குகள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டியிருக்கலாம். சில சுற்று கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் வந்தால் பிறகு கருவியில் ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, ஒருமுறை முழுக்கப் பின்னால் ஓட்ட வேண்டும். சுருள் ஒரே இறுக்கத்துக்கு வந்துவிடும். சி-60 இதற்கெல்லாம் தாங்கும். சி-90 கொஞ்சம் மெலிந்தது. சி-120 நாடாவின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. அதில் பதிந்து வைத்தவர்களுக்கு என் அனுதாபங்கள்.

ஓட்டும் கருவியில் ஹெட், கேப்ஸ்டன் இரண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும்; பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை. ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் அடிக்கடி கூடாது, ரப்பர் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் தொட்ட துணியே போதும், நன்றாக உலர்ந்த பிறகு ஓட்டலாம்.

பலரும் தவறவிடுவது ஹெட்டின் சாய்வு. ஹெட்டில் உள்ள பிளவு நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் எடுத்துக்கொள்ளும் நீளம் 5 மைக்ரானுக்கும் குறைவு, ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே பிளவு துளி சாய்ந்தாலும் ‘ச’, ‘ஸ’ போன்ற கூர்மையான ஒலிகள் அழிந்துவிடும். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். இதில் சூட்சுமம் என்னவென்றால், பதிந்த கருவியின் ஹெட்டே கோணலாக இருந்திருக்கலாம். அப்போது சரியான கோணம் வேலைக்கு ஆகாது. அந்தக் கோணலுக்கு நாம் கோணலாக வேண்டும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்ப்ரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ இருக்கும். பாட்டை ஓட்டிக்கொண்டே அதைக் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படித் திருப்பினால் ஓர் இடத்தில் திடீரென்று சன்னலைத் திறந்த மாதிரிக் குரல் வெளியே வரும். அப்பத்தாவின் வளையல் ஓசை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. தொட்டிலை ஆட்டும் கை அது.

இதையெல்லாம் நான் முதலில் செய்யவில்லை என்பதுதான் விஷயம். கேசட்டைக் கணினிக்கு மாற்றித்தரும் கடை ஒன்றில் கொடுத்தேன். இரண்டு நாளில் எம்பி-3 கோப்பாகத் தந்தார்கள். “இரைச்சல் எல்லாம் சுத்தமா எடுத்தாச்சு சார்” என்றார் கடைக்காரர். உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. அதைத்தான் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டதைத்தான் செய்தார்.

அசல் கேசட்டை வீட்டில் நானே ஓட்டி, எந்த வடிகட்டலும் இல்லாமல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்தேன். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, பழைய ஒலிப்பதிவுகளுக்குப் பரிந்துரைக்கும் அளவு இது. அரை மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரும், இன்றைக்கு அதெல்லாம் ஒரு இடமே இல்லை. கேட்டால் பின்னணியில் ஓயாத ‘ங்ங்ங்’. ஆடாசிட்டியில் அலைவரிசைப் படமாக விரித்துப் பார்த்தேன். அடியில் ஒரு மெல்லிய கோடு, அதற்கு மேல் சரியாக இரண்டு மடங்கில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்று. கோடுகள் படுத்துக் கிடக்கவில்லை. முப்பது நிமிடத்தில் மெல்ல மெல்ல மேலேறின. தொடக்கத்தில் 101 ஹெர்ட்ஸ், முடிவில் 112.

பட்டாசாலையில் அப்போது ஒரு டியூப்லைட் இருந்தது. அதன் சோக்கு எப்போதும் இரையும். சோக்கு என்பது இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய கம்பிச் சுருள். மின்னோட்டம் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை அந்தத் தகடுகளை இழுத்து விடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக்கின் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். அப்பத்தா மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் என் தானியங்கிக் கருவி அமைதியைப் பெரிதாக்கி, இந்த இரைச்சலையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறது. 100-இல் இருக்க வேண்டியது 112-இல் கேட்கிறது என்றால், நாடா அந்த அளவுக்கு மெதுவாக ஓடியிருக்கிறது. கட்டை சாகச் சாகக் கோடு ஏறியிருக்கிறது. சுத்தம் செய்யப்பட்ட எம்பி-3 கோப்பில் போய்ப் பார்த்தேன். கோடே இல்லை. துடைத்து எறிந்திருந்தார்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று குதித்தேன். இல்லை. நம்மூர் மின்சாரம் அந்தக் காலத்தில் சரியாக 50-இல் நிற்காது. சாயங்காலம் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் 50-க்குக் கீழே இறங்கிவிடும். அப்படியானால் சோக்கின் அசல் இரைச்சல் 100 இல்லை. 98-ஆகவோ 97-ஆகவோ இருந்திருக்கலாம். அளவுகோலே கொஞ்சம் சுருங்கிப்போன அளவுகோல்.

இன்னொரு அளவுகோல் பாட்டுக்கு நடுவிலேயே இருந்தது. இருபத்திரண்டாம் நிமிடத்தில் சுவர்க்கடிகாரம் ஏழு அடிக்கிறது. அப்பத்தா அதற்காகப் பாட்டை நிறுத்தவில்லை. நான் அதுவரை அதை ஒரு இடைஞ்சலாகத்தான் நினைத்திருந்தேன். அந்தக் கடிகாரம் இன்னும் ஊர் வீட்டில் ஓடுகிறது, அத்தை வாரா வாரம் சாவி கொடுக்கிறார். உலோகக் கம்பியின்மேல் சுத்தியல் விழும் ஓசை. கம்பியை மாற்றாதவரை சுருதி மாறாது. அத்தை மகனை விட்டு, ஏழு மணி அடிப்பதைப் போனில் பதிந்து அனுப்பச் சொன்னேன். அதில் ஓங்கி ஒலிக்கும் ஓர் அலை 612 ஹெர்ட்ஸ். கேசட்டில் அதே அலை 673. ஆக, அந்த நிமிடத்தில் பதிவு 10 சதவீதம் உயர்ந்திருக்கிறது. அதே நிமிடத்தில் சோக்கின் கோடு 108-இல் இருந்தது. 108-ஐ 1.1-ஆல் வகுத்தால் 98 சொச்சம். அன்றைய மின்சாரம் 49 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் தாண்டி நின்றிருக்கிறது. 50 என்று நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் குரல் இரண்டு சதவீதம் தப்பாகியிருக்கும். ஒரு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. நமக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

இதற்கு முன்னால் ஒரு முன்னெச்சரிக்கை, வரிசை மாற்றிச் சொல்கிறேன்: நான் இப்போது ஓட்டும் கருவியே சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்திருந்தேன். 3,150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் கிடைக்கிறது. அதை ஓட்டி அளந்து, மோட்டாரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருப்பிச் சரிசெய்யலாம். எல்லா மோட்டாரிலும் அந்த ஓட்டை இருக்காது. இதைச் செய்யாமல் மற்ற கணக்கெல்லாம் போட்டுப் பிரயோசனமில்லை.

பிறகு ஆடாசிட்டியில் நிமிடத்துக்கு நிமிடம் சோக்கின் கோட்டை அளந்து, அது 98.2-இல் படுத்துக் கிடக்கும்படி வேகத்தை வளைத்தேன். வேகத்தைத்தான் மாற்ற வேண்டும். சுருதியை மட்டும் இறக்கும் வசதியைத் தொடக் கூடாது, ஏனென்றால் இங்கே சுருதியும் காலமும் சேர்ந்தே திரிந்திருக்கின்றன. 30 நிமிடப் பாட்டு 33 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. கடைசிப் பகுதியில் குரல் இரண்டு அரைச்சுரத்துக்கும் அதிகமாக இறங்கியது. திருத்தாத அசல் கோப்பை அப்படியே தனியாக வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது என் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தால் அவர்களுக்கு வேண்டும்.

கேசட்டை மட்டும் பத்திரமாக வைத்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் படாமல், ஈரம் இல்லாமல், டப்பாவுக்குள், புத்தகம் மாதிரி நிறுத்தி, ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல் பாதுகாத்தால் நாடா நம்மைவிட அதிக நாள் இருக்கும். ஓட்டுவதற்குக் கருவி இருக்காது. ஐயாசாவும் யுனெஸ்கோவின் ஒரு திட்டமும் சேர்ந்து 2019-இல் உலகம் முழுக்கக் காந்த நாடா வைத்திருப்பவர்களிடம் கணக்கெடுத்தபோது சொன்ன எச்சரிக்கை இதுதான்: கருவிகளும் உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் மறைந்துகொண்டிருப்பதால் 2025-ஐத் தாண்டினால் பெருவாரியான நாடாக்களைப் படிப்பது கடினம். அந்த வருடம் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் டேப் ரெக்கார்டர் சரிபார்த்த கடைகளில் இப்போது செல்போன் ரிப்பேர் நடக்கிறது. கேப்ஸ்டன் பெல்ட் கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்குப் பெல்ட்டுகள் இணையத்தில் கிடைத்தன. ஐந்தாறு வாங்கி வைத்திருக்கிறேன். ஒப்பாரிக் கேசட்டுகள் இன்னும் பதினொன்று பாக்கி. அவற்றில் சோக்கும் இல்லை, கடிகாரமும் இல்லை. கண்மாய்க் கரையில் என்ன இரைந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனேன். இந்தத் தடவை எதுவும் சொல்லாமல், ஒரு சின்ன ஸ்பீக்கரை முற்றத்தில் வைத்துப் போட்டேன். அத்தை அடுப்படியில் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். மிக்சி நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து தூணோரம் உட்கார்ந்தார். கடிகாரம் ஏழு அடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அடித்ததும் உள்ளே திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எப்படித்தே?” என்றேன்.

“செத்த இரு” என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். “மாமன் சீர் சொல்லுற எடத்துல ஒரு அடிய விட்டுட்டாங்க பாரு. எங்கம்மா அப்பிடியெல்லாம் விடாது. நீ நடுவுல இருமுனயில்ல, அதான்.”